செப்டிக் டேங்க் ‘நிரம்பட்டும், பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறீர்களா? எப்போது எடுக்கணும், யாரைக் கூப்பிடணும், எதைச் செய்யவே கூடாது: முழு விவரம்

தீபாவளிக்கு ஊரிலிருந்து பத்துப் பேர் வந்து இறங்கியிருப்பார்கள். காலையில் எல்லோரும் வரிசையாகக் குளித்து முடிப்பதற்குள், கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் அப்படியே நிற்கும். இன்னொரு பக்கெட் ஊற்றினால் மேலே ஏறி வரும். அப்போதுதான் வீட்டில் யாராவது கேட்பார்கள், “கடைசியா செப்டிக் டேங்க் எப்போ எடுத்தோம்?” என்று. “வீடு கட்டினப்போ மூடினதுதான், அப்புறம் திறக்கவே இல்ல” என்பதுதான் பல வீடுகளில் பதில்.

பாதாளச் சாக்கடை வராத எல்லா ஊர்களிலும், புறநகர்ப் பகுதிகளிலும் வீட்டுக் கழிவறைக்கு செப்டிக் டேங்க்தான் கதி. வாட்டர் டேங்க்கை வருஷம் ஒருமுறையாவது கழுவுகிறோம், ஆர்.ஓ. மெஷினுக்கு சர்வீஸ் போடுகிறோம். மண்ணுக்குள் இருக்கிற இந்தத் தொட்டியை மட்டும் பிரச்சினை வரும்வரை யாரும் நினைப்பதில்லை. அப்படி மறந்துவிடுவதால் வரும் இழப்பு கழிவறை அடைப்போடு முடிவதில்லை. பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கெடலாம். அதைவிட மோசமாக, கெட்டிப்பட்டுப் போன டேங்க்கைச் சுத்தம் செய்ய ஒரு மனிதரை உள்ளே இறக்கும் நிலை வரலாம். அந்த நிலை வராமல் தடுப்பது வீட்டு உரிமையாளர் கையில்தான் இருக்கிறது. எப்படி என்று பார்க்கலாம்.

டேங்க்குக்குள் என்னதான் நடக்கிறது?

செப்டிக் டேங்க் என்பது கழிவைச் சேர்த்து வைக்கிற வெறும் குழி இல்லை. அது ஒரு சின்ன சுத்திகரிப்பு அமைப்பு. கழிவறையிலிருந்து வரும் கழிவு முதல் அறைக்குள் விழுகிறது. கனமானது அடியில் போய்ப் படிகிறது. இதுதான் கசடு. எண்ணெய்ப் பசையும் லேசான பொருட்களும் மேலே மிதந்து, ஆறின பாலில் படிகிற ஏடு மாதிரி ஒரு படலமாக நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஓரளவு தெளிந்த நீர் இருக்கும்.

காற்று இல்லாமலேயே வாழும் பாக்டீரியாக்கள் அந்தக் கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செரித்து, அதன் அளவைக் குறைக்கின்றன. நடுவில் இருக்கும் நீர், தடுப்புச் சுவரைத் தாண்டி இரண்டாவது அறைக்குப் போகிறது. அங்கேயும் கொஞ்சம் தெளிந்து, வெளியேறும் பைப் வழியாக உறிஞ்சு குழிக்கு, அதாவது நம் ஆட்கள் ‘சோக் பிட்’ என்று சொல்லும் குழிக்குப் போய் மண்ணில் இறங்குகிறது. முறையாகக் கட்டிய டேங்க்கில் முதல் அறை பெரியதாகவும் இரண்டாவது சிறியதாகவும் இருக்கும். மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் அறைக்குப் போகும்.

கவனிக்க வேண்டியது, பாக்டீரியா எல்லாவற்றையும் தின்று முடித்துவிடாது. செரிக்க முடியாத மிச்சம் அடியில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். அதை வெளியே எடுத்தே ஆகணும்.

‘நிரம்பிடுச்சு’ என்பதே தப்பான கணக்கு

பலரும் நினைப்பது இதுதான்: டேங்க் காலியாக ஆரம்பித்து, மெதுவாக நிரம்பி, ஒருநாள் வழியும். அப்போது லாரியைக் கூப்பிட்டால் போதும்.

உண்மை வேறு. நல்ல செப்டிக் டேங்க், பயன்பாட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே வெளியேறும் பைப் மட்டம்வரை நீரால் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். உள்ளே ஒரு லிட்டர் போனால் வெளியே ஒரு லிட்டர் போகும். ஆகவே மூடியைத் திறந்து பார்த்து, “மேல வரைக்கும் தண்ணி நிக்குது, ஃபுல் ஆயிடுச்சு” என்று சொல்வதில் அர்த்தமில்லை.

கேட்க வேண்டிய கேள்வி, அந்தத் தண்ணீருக்குள் கசடு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பது. கசடு ஏற ஏற, கழிவு படிந்து தெளிவதற்கான இடம் குறையும். ஒரு கட்டத்தில் கசடே தண்ணீரோடு சேர்ந்து உறிஞ்சு குழிக்குப் போகத் தொடங்கும். அங்கே மண்ணின் துளைகளை அடைக்கும். கழிவறையில் தண்ணீர் திரும்பி வருவது இந்தக் கதையின் கடைசிக் கட்டம். அதற்குள் உறிஞ்சு குழி பாழாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. டேங்க்கை லாரி வைத்து உறிஞ்சிவிடலாம். அடைபட்ட உறிஞ்சு குழியை அப்படிச் சரிசெய்ய முடியாது, பெரும்பாலும் புதிதாகத் தோண்ட வேண்டியிருக்கும்.

எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கணும்?

2 முதல் 3 வருஷத்துக்கு ஒருமுறை என்பதுதான் பொதுவான பரிந்துரை. ஏன் இந்தக் கணக்கு?

ஒரு ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 75 லிட்டர் கசடு சேரும் என்று பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். நான்கு பேர் இருக்கும் வீட்டில் வருஷத்துக்கு 300 லிட்டர். டேங்க் 2,000 லிட்டர் கொள்ளளவு என்றால், மூன்று வருஷத்தில் 900 லிட்டர் கசடு, கிட்டத்தட்ட பாதி டேங்க். பாதியைத் தாண்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது விதி. அதனால் இந்த வீட்டுக்கு மூன்று வருஷம் சரி. அதே டேங்க்கை மாடியில் வாடகைக்கு இருக்கும் இன்னொரு நான்கு பேர் குடும்பமும் பயன்படுத்தினால் கணக்கு பாதியாகக் குறைந்து ஒன்றரை வருஷம் ஆகிவிடும்.

செப்டிக் டேங்க் கட்டுவதற்கு இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது. அதன் எண் ஐ.எஸ். 2470. ஐந்து பேருக்கு, வருஷம் ஒருமுறை சுத்தம் செய்வதாக இருந்தால், குறைந்தது 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம் வேண்டும் என்கிறது அது. அதாவது சுமார் 1,125 லிட்டர். ஆக, டேங்க் சின்னதாக இருந்தால் அடிக்கடி எடுக்கணும், பெரிதாக இருந்தால் கொஞ்சம் தள்ளிப் போடலாம். ஆள் எண்ணிக்கையும் டேங்க் அளவும் தெரிந்தால் உங்கள் வீட்டுக்கான கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கல்யாண மண்டபம், ஹாஸ்டல், சின்ன ஹோட்டல் போன்ற இடங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பயன்பாடு அதிகம் என்பதால் இடைவெளி இன்னும் குறையும்.

‘எங்க வீட்டுல 15 வருஷமா எடுக்கவே இல்ல, ஒரு பிரச்சினையும் இல்ல’

இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் நிறைய. ஆனால் ஒரு டேங்க் 15 வருஷமாகப் பிரச்சினையே இல்லாமல் ஓடுகிறது என்றால், பெரும்பாலும் காரணம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, அது செப்டிக் டேங்க்கே இல்லை. அடியில் கான்கிரீட் போடாமல், சிமென்ட் உறைகளை இறக்கி அல்லது இடைவெளி விட்டுக் கல் அடுக்கிக் கட்டிய குழி. கழிவுநீர் தெளியாமல் அப்படியே மண்ணுக்குள் இறங்குகிறது. நிரம்பாது என்பது உண்மைதான். ஆனால் இறங்கும் கழிவு எங்கே போகிறது? நிலத்தடி நீர் மட்டம் மேலே இருக்கும் ஊர்களில் பத்துப் பதினைந்தடி தள்ளியிருக்கும் கிணற்றுக்கோ போருக்கோ போகலாம்.

இரண்டாவது, டேங்க்கிலிருந்து வெளியேறும் பைப் உறிஞ்சு குழிக்குப் போகாமல் தெருவோர மழைநீர் வடிகாலில் விடப்பட்டிருக்கும். கசடு ஏறி வழிந்தாலும் வீட்டுக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரியும். கொசுவும் நாற்றமும் அங்கே போயிருக்கும்.

மூன்றாவது, டேங்க் ரொம்பப் பெரியது, ஆட்கள் குறைவு. வயதான தம்பதி மட்டும் இருக்கிற பெரிய வீடுகளில் இது உண்மையாகவே நடக்கும். ஆனாலும் உள்ளே கசடு இறுகிக்கொண்டு இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணறு அல்லது போருக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி இடைவெளி வேண்டும் என்கிறது தர நிர்ணயம். வீட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கணும். அரை கிரவுண்டு மனைகள் ஒட்டி ஒட்டி இருக்கும் நகர்களில் இது நடக்காத காரியம். அதனால்தான் அப்படிப்பட்ட இடங்களில் டேங்க்கைச் சரியான நேரத்தில் எடுப்பது இன்னும் முக்கியம் ஆகிறது. உங்கள் கழிவுநீர் எவ்வளவு தெளிந்து போகிறதோ, அந்த அளவுக்குப் பக்கத்து வீட்டு போர் தண்ணீருக்கு ஆபத்து குறையும்.

டேங்க் தரும் எச்சரிக்கைகள்

- கழிவறையில் தண்ணீர் வழக்கத்தைவிட மெதுவாக இறங்குவது
- ஃபிளஷ் செய்த பிறகு ‘களக் களக்’ என்று காற்றுக்குமிழிச் சத்தம் வருவது
- கீழ்த்தளக் குளியலறையின் தரை ஜாலி வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வருவது
- டேங்க் அல்லது உறிஞ்சு குழியைச் சுற்றி மண் எப்போதும் ஈரமாக இருப்பது, அந்த இடத்தில் மட்டும் புல் செழிப்பாக வளர்வது
- வீட்டுக்குள் அல்லது சேம்பர் பக்கம் அழுகிய முட்டை வாடை வருவது
- கிணற்று நீர் அல்லது போர் தண்ணீரில் வாடை, நிறமாற்றம்

ஒரே ஒரு கழிவறையில் மட்டும் தண்ணீர் நின்றால் அந்தப் பைப்பில் அடைப்பு இருக்கலாம். வீட்டில் எல்லா இடத்திலும் மெதுவாக இறங்கினால் சந்தேகம் டேங்க் மேல்தான். கடைசி அறிகுறி தெரிந்தால், தண்ணீரைப் பரிசோதனை செய்யும்வரை அதைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தக் கூடாது.

கசடு எவ்வளவு என்று அளக்க முடியுமா?

முடியும். நீளமான கம்பின் நுனியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, ஆய்வு மூடி வழியாக அடிவரை இறக்கி, சில நிமிடம் விட்டு மெதுவாக எடுத்தால், கறுப்பாகக் கறை படிந்த உயரம்தான் கசடின் உயரம். மொத்த நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டால் லாரிக்குச் சொல்ல ஆரம்பிக்கலாம். மேலே உள்ள ஏட்டையும் சேர்த்துப் பாதி வந்துவிட்டால் தள்ளிப் போடவே கூடாது.

ஆனால் இதை நீங்களே செய்வதைவிட, லாரி ஆட்கள் வரும்போது அளந்து சொல்லச் சொல்வது நல்லது. மூடியைத் திறந்ததும் குனிந்து எட்டிப் பார்ப்பது, தீக்குச்சி அல்லது மெழுகுவத்தி கொளுத்திக் காட்டுவது, செல்போன் டார்ச்சோடு தலையை உள்ளே விடுவது, இவை எதையும் செய்யக் கூடாது. டேங்க்குக்குள் மீத்தேன் வாயு இருக்கும். அது தீப்பற்றக்கூடியது.

லாரியைக் கூப்பிடும் முன் கேட்க வேண்டியவை

தெருவில் மின்கம்பத்திலும் காம்பவுண்டு சுவரிலும் எழுதியிருக்கும் நம்பருக்கு அடித்து, “எவ்வளவு ஆகும்?” என்று மட்டும் கேட்பதுதான் வழக்கம். இன்னும் சில கேள்விகள் கேட்கணும்.

வண்டிக்கு உரிமம் இருக்கிறதா? செப்டிக் டேங்க் கழிவை எடுத்துச் செல்லும் வண்டிகள் மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சியிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கசடுக் கழிவு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2014-லேயே வந்துவிட்டன.

கழிவை எங்கே கொட்டுவார்கள்? கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அல்லது அரசு சொன்ன இடத்தில் மட்டும்தான் கொட்டணும். ஊருக்கு வெளியே ஏரியிலோ, வாய்க்காலிலோ, ராத்திரி நேரத்தில் நெடுஞ்சாலை ஓரத்திலோ இறக்கிவிட்டுப் போகும் வண்டியை நீங்கள் கூப்பிட்டால், உங்கள் வீட்டுக் கழிவுதான் அந்த ஏரியில் கலக்கிறது.

எத்தனை லிட்டர் வண்டி, ஹோஸ் எவ்வளவு நீளம்? பொதுவாக 3,000 முதல் 10,000 லிட்டர் வரை கொள்ளளவு உள்ள வண்டிகள் ஓடுகின்றன. டேங்க் வீட்டுக்குப் பின்னால் இருந்தால், வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஹோஸ் எட்டுமா என்று முன்கூட்டியே அளந்து சொல்லிவிடுங்கள்.

காசு லோடுக்கா, வேலைக்கா? ஒரு லோடில் முடியாவிட்டால் இரண்டாவது லோடுக்குத் தனியாகக் கேட்பார்கள். டேங்க்கின் நீளம், அகலம், ஆழத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் தகராறு வராது.

உள்ளே ஆள் இறங்குவார்களா? “தேவைப்பட்டா பையன் இறங்கிக் கிளீன் பண்ணுவான்” என்று பதில் வந்தால் அந்த வண்டி வேண்டாம். போனை வைத்துவிடுங்கள்.

யாரைக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை என்றால் 14420 என்ற உதவி எண்ணில் கேட்கலாம். செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடை தொடர்பான உதவிக்காகவே இருக்கும் எண் இது. உங்கள் பகுதி நகராட்சி, பேரூராட்சி அலுவலகத்திலும் உரிமம் பெற்ற வண்டிகளின் விவரம் கேட்கலாம்.

லாரி வரும் நாளில்

முதல் வேலை, டேங்க்கின் மூடி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து வைப்பது. மேலே டைல்ஸ் ஒட்டி, கார் நிறுத்த ஷெட் போட்டு, செடித்தொட்டி அடுக்கி வைத்திருக்கும் வீடுகளில் இதற்கே அரை நாள் போய்விடும். இரண்டு அறைக்கும் தனித்தனி மூடி இருக்கும். இரண்டையும் திறந்து எடுக்கச் சொல்லணும். பெரும்பாலான கசடு முதல் அறையில்தான் இருக்கும். வெளியேறும் பைப் பக்கம் மட்டும் ஹோஸை விட்டு மேல் தண்ணீரை உறிஞ்சிவிட்டுப் போனால், காசு கொடுத்துத் தண்ணீரை மட்டும் அனுப்பியதாக அர்த்தம்.

மூடியைத் திறந்ததும் உடனே வேலையைத் தொடங்காமல் கொஞ்ச நேரம் காற்றோட்டமாக விடணும். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

கசடு கெட்டியாக இருந்தால் தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சி, கலக்கி, பிறகு உறிஞ்சுவார்கள். இதற்கு வீட்டுத் தண்ணீர் தேவைப்படலாம். அடி தெரியும்வரை சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. அடியில் ஓர் அங்குலம் அளவுக்குக் கசடை விட்டுவைக்கச் சொல்கிறது தர நிர்ணயம். தயிருக்கு உறை விடுவது மாதிரிதான் இது. அந்த மிச்சத்தில் இருக்கும் பாக்டீரியாதான் அடுத்த வேலையைத் தொடங்கி வைக்கும். அதனால் பினாயில், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிச் சுத்தமாக்கவும் கூடாது.

டேங்க் காலியாக இருக்கும்போது சுவரில் விரிசல் இருக்கிறதா, உள்ளே வரும் பைப்பிலும் வெளியே போகும் பைப்பிலும் இருக்கிற ‘டி’ வடிவத் துண்டு உடைந்திருக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்க்கச் சொல்லுங்கள். மேலே மிதக்கும் ஏடு வெளியேறாமல் தடுப்பது அந்தத் துண்டுதான்.

வேலை முடிந்ததும் மூடிகளைச் சரியாகப் பொருத்தி, சந்துகளைச் சிமென்ட் வைத்து அடைக்கணும். விரிசல் விட்ட சிலாப்பை அப்படியே திரும்ப வைத்துவிட்டால், அதன் மேல் விளையாடும் குழந்தைக்கு அது உயிராபத்து.

எந்த மாதத்தில் எடுப்பது நல்லது?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால். அக்டோபரில் மழை தொடங்கிவிட்டால் நிலத்தடி நீர் ஏறிவிடும். உறிஞ்சு குழி ஏற்கெனவே திணறும். ரெடிமேடு பிளாஸ்டிக் டேங்க் புதைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். சுற்றிலும் மண்ணில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது டேங்க்கை முழுசாகக் காலி செய்தால், அது மிதந்து மேலே கிளம்பலாம், பைப் இணைப்புகள் உடையலாம். எந்த வகை டேங்க்காக இருந்தாலும் எடுத்த பிறகு தண்ணீர் விட்டு நிரப்பிவிடுவது நல்லது.

ஒருபோதும் ஆளை இறக்கக் கூடாது. ஏன்?

டேங்க்குக்குள் மீத்தேன், கார்பன் டைஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வாயுக்கள் சேர்ந்திருக்கும். ஆக்சிஜன் குறைவாக இருக்கும். அழுகிய முட்டை வாடை வருவது ஹைட்ரஜன் சல்பைடால்தான். இதில் மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. அளவு கூடும்போது இந்த வாயு மூக்கின் மோப்பத் திறனை மரத்துப்போகச் செய்துவிடும். “வாடை போயிடுச்சு, இனிமே இறங்கலாம்” என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்து மிக அதிகமாக இருக்கும். அதிக அளவில் இருந்தால் சில மூச்சுகளிலேயே ஆள் சுருண்டு விழுந்துவிடுவார். கத்திக் கூப்பிடக்கூட நேரம் இருக்காது.

செப்டிக் டேங்க் மரணச் செய்திகளில் ‘இருவர் பலி’, ‘மூவர் பலி’ என்று வருவதற்குக் காரணமும் இதுதான். முதலில் இறங்கியவர் மயங்கி விழுந்ததும், காப்பாற்ற அண்ணனோ நண்பரோ வீட்டுக்காரரோ அவசரத்தில் இறங்குவார். அவருக்கும் அதே நிலைதான். கைக்குட்டையை மூக்கில் கட்டுவதோ, தண்ணீர் தெளிப்பதோ, மின்விசிறி வைப்பதோ இந்த வாயுவிடமிருந்து காப்பாற்றாது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் பணியைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவு, செப்டிக் டேங்க்கையும் பாதாளச் சாக்கடையையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. இது காண்டிராக்டருக்கு மட்டும் இல்லை, வீட்டு உரிமையாளருக்கும் பொருந்தும். முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் மீறினால் 5 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஜாமீனில் வர முடியாத குற்றம் இது. “அவரே இறங்குறேன்னு சொன்னார்” என்பது சாக்காகாது.

இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் வந்து இத்தனை வருஷம் கழித்தும் இழப்பீட்டுத் தொகையை உயர்த்த வேண்டிய நிலை இருப்பதே, மரணங்கள் நிற்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

இங்கேதான் வீட்டு உரிமையாளரின் பங்கு வருகிறது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் டேங்க்கில் கசடு குழம்பு மாதிரி இருக்கும், ஹோஸ் உறிஞ்சிவிடும். பத்துப் பதினைந்து வருஷம் விட்ட டேங்க்கில் அது களிமண் மாதிரி இறுகியிருக்கும். ஹோஸால் முடியாது என்றதும் “யாராவது இறங்கி வெட்டி எடுத்தாத்தான் ஆகும்” என்ற பேச்சு வரும். சரியான நேரத்தில் லாரியைக் கூப்பிட்டிருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

யாராவது உள்ளே விழுந்துவிட்டால், யாரும் பின்னாலேயே இறங்காதீர்கள். உடனே தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 அழையுங்கள். மற்ற மூடிகளையும் திறந்து காற்று போக வழி செய்யுங்கள். மூச்சுக் கருவியோடு வரும் தீயணைப்பு வீரர்களால்தான் பாதுகாப்பாக உள்ளே போக முடியும்.

டேங்க்கில் போடக் கூடாதவை

நாப்கின், டயப்பர், ஈரத் துடைப்பான், ஆணுறை, தலைமுடி, பிளாஸ்டிக் கவர், சிகரெட் துண்டு ஆகியவற்றை பாக்டீரியாவால் செரிக்க முடியாது. ‘ஃபிளஷ் செய்யலாம்’ என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் ஈரத் துடைப்பான் எளிதில் கரையாது. லாரி ஹோஸில் சிக்கி அடைப்பு ஏற்படுத்துவதும் இவைதான்.

சமையலறை எண்ணெய், பழைய குழம்பு ஆகியவற்றைக் கழிவறையில் கொட்டும் பழக்கம் இருந்தால் நிறுத்தணும். குளியல் தண்ணீர், துணி துவைக்கும் தண்ணீர், ஆர்.ஓ. மெஷின் கழிவு நீர், மழைத் தண்ணீர் ஆகியவற்றையும் டேங்க்கில் விடக் கூடாது. அவ்வளவு தண்ணீர் வேகமாக உள்ளே வந்தால், கழிவு படிய நேரமே கிடைக்காமல் கசடோடு வெளியே தள்ளப்படும்.

டாய்லெட் கழுவ எப்போதாவது கொஞ்சம் கிளீனர் பயன்படுத்தினால் டேங்க் கெட்டுவிடாது. பாட்டில் கணக்கில் ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஊற்றினால் பாக்டீரியா செத்துவிடும், கசடு செரிக்காமல் சீக்கிரம் ஏறும்.

“இந்தப் பவுடரைப் போட்டா டேங்க் எடுக்கவே வேணாம்” என்று விளம்பரம் வருகிறதே, உண்மையா? டேங்க்குக்குத் தேவையான பாக்டீரியா மனிதக் கழிவிலேயே தேவையான அளவுக்கு இருக்கிறது. பவுடரோ, ஈஸ்ட்டோ, வெல்லமோ கரைத்து ஊற்றுவது லாரியைக் கூப்பிடுவதற்கு மாற்று ஆகாது. புது டேங்க்கைத் தொடங்கும்போது தண்ணீரால் நிரப்பி, கொஞ்சம் சாணம் கரைத்து விடுவது நடைமுறையில் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் டேங்க்குக்கு அது தேவையில்லை.

கேஸ் பைப்பைக் கவனிக்கிறீர்களா?

டேங்க்கிலிருந்து மேலே போகும் காற்றுப்போக்கி பைப்பின் வாயில் கொசு வலை கட்டியிருக்கணும். வலை கிழிந்தால் ஆயிரக்கணக்கில் கொசு உற்பத்தியாகி அதே வழியாக வெளியே வரும். டேங்க் வீட்டை ஒட்டி இருந்தால், பைப் மொட்டை மாடிக்கு மேல் 2 மீட்டர் உயரமாவது இருக்கணும். மாடியில் புதிதாக ஒரு ரூம் கட்டியவர்கள், அந்தப் பைப் இப்போது ஜன்னல் உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்த கழிவு எங்கே போகிறது?

முறையான வண்டி அதைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அல்லது கசடுக்கென்றே கட்டிய சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி, கோவை மாவட்டம் பெரியநாயக்கன்பாளையம் போன்ற இடங்களில் இப்படிப்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. அங்கே கசடிலிருந்து நீரைப் பிரித்து, காயவைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். முறையாகப் பதப்படுத்தினால் அது மண்ணுக்கு உரமாகும். பதப்படுத்தாமல் வயலிலோ ஏரியிலோ கொட்டினால் கிருமியும் குடற்புழு முட்டைகளும் அப்படியே பரவும்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

- டேங்க் மூடிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, போட்டோ எடுத்து வையுங்கள்.
- கட்டின மேஸ்திரியிடமோ பிளானிலோ டேங்க்கின் அளவைக் கேட்டு எழுதி வையுங்கள். அடியில் கான்கிரீட் போட்டார்களா என்றும் கேளுங்கள்.
- வெளியேறும் பைப் எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள்.
- கேஸ் பைப்பில் வலை இருக்கிறதா என்று பாருங்கள்.
- கடைசியாக எடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தாலோ, எப்போது எடுத்தது என்றே தெரியாவிட்டாலோ, மழைக்கு முன் ஒருமுறை எடுத்துவிடுங்கள்.
- வாடகை வீடு என்றால், டேங்க் எடுக்கும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இதைப் பேசாமல் விடுவதால்தான் இரண்டு பக்கமும் தள்ளிப் போடுகிறார்கள்.

டேங்க் எடுத்த அன்று, மாதத்தையும் வருஷத்தையும் கரண்ட் மீட்டர் பெட்டிக்கு உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்துவிடுங்கள். ரீடிங் எடுக்க ஆள் வரும்போதெல்லாம் கண்ணில் படும். “கடைசியா எப்போ எடுத்தோம்?” என்ற கேள்விக்கு அடுத்த தீபாவளிக்கு வீட்டில் பதில் தயாராக இருக்கும்.